8 ஜிபி ராம் போட்டதும் டிஸ்ப்ளே போய்விட்டது, பழையதைத் திரும்பப் போட்டும் வரவில்லை

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (வெள்ளி, இரவு 8:52)

வணக்கம். காலடிப்பேட்டை மெட்ரோவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு இருப்பது ஒரே ஒரு சிஸ்டம். மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் (நினைவகம்) ஒன்று, விண்டோஸ் 10. குரோமில் நாலு டேபும் ஒரு பிடிஎஃப்பும் சேர்ந்து திறந்திருந்தால் மவுஸ் நகராது. வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அதனால் நேற்று எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய், பழைய ராம் விற்கும் ஒரு கடையில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, நாலைந்து நொடியில் நிற்கிறது, மறுபடி தானாகவே சுற்றுகிறது. மானிட்டரில் 'நோ சிக்னல்'. இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று பழைய ராமையும் கழற்றி, இரண்டையும் மாற்றிப் போட்டேன். வரவில்லை. சரி, பழையபடியே இருக்கட்டும் என்று 4 ஜிபியை மட்டும் பழைய இடத்தில் போட்டேன். அதிலும் வரவில்லை. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஏரியாவில் சர்வீஸ் செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. போர்டு போய்விட்டது, பழைய போர்டு ஒன்று போட்டுத்தர 3,500 ஆகும் என்றார். திங்கட்கிழமை கல்லூரி விண்ணப்பம் போட எட்டுப் பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறேன். போர்டு உண்மையிலேயே போயிருக்குமா?

வியாசை கேமர் (வெள்ளி, இரவு 9:05)

அண்ணே, அவசரப்பட்டு போர்டு மாற்ற வேண்டாம். எனக்கும் இதே மாதிரி ஆனது. புது ராம் போட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், அப்புறம் தானாகவே வந்தது. ராமை அது பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். ஆன் செய்து அப்படியே விட்டுப் பாருங்கள்.

ராயபுரம் பெஞ்ச் (வெள்ளி, இரவு 9:31)

தம்பி, உங்களுடையது டிடிஆர்5 போர்டாக இருக்கும். அதில் நீங்கள் சொன்னது சரிதான். ராம் மாற்றியதும் முதல் தடவை ஆன் செய்யும்போது 'டிரெய்னிங்' நடக்கும், சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் பவரை நிறுத்துகிறவர்கள் நிறைய பேர். ஆனால் இது 2012 வாக்கில் வந்த டிடிஆர்3 சிஸ்டம். இதில் டிஸ்ப்ளே வருவதாக இருந்தால் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். நாலைந்து நொடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுகிறது என்றால், ராமைப் படிக்க முடியாமல் போர்டு மறுபடி மறுபடி முயற்சி செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பவர் சப்ளைக் கோளாறிலும் இப்படி வருவதுண்டு. ஆனால் நேற்றுவரை ஓடிய சிஸ்டம், கை வைத்தது ராமில். முதலில் அங்கேயே தேடுவோம்.

காலடிப்பேட்டைத் தம்பிக்கு: நான் பதினெட்டு வருடமாக சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ராம் மாற்றப்போய் போர்டு செத்ததை நான் பார்த்தது மிகக் குறைவு. அப்படிச் செத்தவையும் கரண்ட் இருக்கும்போதே ராமைப் பிடுங்கியவை, இல்லையென்றால் திருப்பிப் போட்டு அழுத்தி ஸ்லாட்டை உடைத்தவை. நீங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை என்றால் போர்டு உயிரோடுதான் இருக்கும். மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆன் செய்யும்போது 'பீப்' சத்தம் ஏதாவது வருகிறதா? கேபினட்டுக்குள் குட்டி ஸ்பீக்கர் இருக்கிறதா? புது ராமின் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு எழுத்து விடாமல் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ (வெள்ளி, இரவு 10:10)

தம்பி, பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் பவர் கார்டைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கார்டைப் பிடுங்கியபின் பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கிவிடும். அப்புறம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) டப்பாவின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். மிக்ஜாம் புயலின்போது உங்கள் கடையில் தண்ணீர் வந்ததா?

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (வெள்ளி, இரவு 10:34)

வந்தது ஐயா. 2023 டிசம்பரில் முட்டி அளவுக்கு இரண்டு நாள் நின்றது. சிபியுவை மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டேன், நனையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வாரம் கடை ஈரம் காயவில்லை, சுவரெல்லாம் உப்புப் பூத்துவிட்டது.

பீப் சத்தம் எதுவும் இல்லை அக்கா. ஸ்பீக்கர் இருக்கிற மாதிரியும் தெரியவில்லை. ஸ்டிக்கரைக் காலையில் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்கிறேன், எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது.

ராயபுரம் பெஞ்ச் (வெள்ளி, இரவு 10:58)

ஸ்பீக்கர் இல்லை என்றால் போர்டு ஊமை. அது என்ன சொல்ல வருகிறது என்று நமக்குக் கேட்காது. பரணில் பழைய கேபினட் ஏதாவது கிடந்தால் அதிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். சுண்டு விரல் நுனி அளவுக்குக் கருப்பாக உருண்டையாக இருக்கும், இரண்டு ஒயர், நாலு துளை உள்ள கனெக்டர். பவர் பட்டன் ஒயர்கள் சொருகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 'ஸ்பீக்கர்' என்று போர்டில் அச்சடித்திருக்கும். கடையில் கேட்டாலும் இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.

அதைச் சொருகிவிட்டு இரண்டு ராமையும் கழற்றி வெளியே வையுங்கள். ராமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகாது. ராம் இல்லை என்று போர்டு கத்த வேண்டும். கத்தினால் பிராசஸர், பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் நிரல்), பவர் சப்ளை மூன்றும் வேலை செய்கின்றன என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். கத்தாவிட்டால் அடுத்தது பார்ப்போம்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (சனி, காலை 7:20)

கத்துகிறது! மச்சான் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கேபினட்டிலிருந்து ஸ்பீக்கர் எடுத்துவந்தேன். ராம் இல்லாமல் ஆன் செய்ததும் நீளமாக பீப், பீப் என்று விடாமல் அடித்தது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து என்னவோ என்று ஓடிவந்துவிட்டாள்.

அப்புறம் பழைய ராமைப் போட்டேன். அப்போதும் அதே நீள பீப். அப்படியென்றால் ராம் போயிருக்கிறதா?

ராயபுரம் பெஞ்ச் (சனி, காலை 8:02)

முந்தாநாள்வரை ஓடிய ராம் சும்மா இருக்கும்போது போகாது. ராம் இருப்பதே போர்டுக்குத் தெரியவில்லை. தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடலோரத்தில் இருக்கிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் சிஸ்டங்களில் இதை நான் அதிகம் பார்க்கிறேன். ராமின் அடியில் இருக்கிற மஞ்சள் கால்கள் தங்க முலாம் பூசியவை. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் முலாம் மிக மெல்லியது, தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கிற உலோகத்தை உப்புக்காற்று பிடித்துக்கொள்ளும், மேலே ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரு படலம் கட்டும். பத்து வருடம் அசையாமல் இருந்தவரைக்கும் ஸ்லாட்டின் கம்பி எந்தப் புள்ளியில் தொட்டுக்கொண்டிருந்ததோ அந்தப் புள்ளி மட்டும் சுத்தமாக இருக்கும். கழற்றித் திரும்பப் போடும்போது அந்தப் புள்ளி ஒரு மயிரிழை தள்ளிப்போகிறது. அவ்வளவுதான், டிஸ்ப்ளே போய்விடும்.

பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர் எடுங்கள். பேனா மை அழிக்கிற சொரசொரப்பான நீல ரப்பர் வேண்டாம், அது முலாமையே சுரண்டிவிடும். ராமை ஓரத்தில் பிடித்து, மேஜைமேல் காகிதம் விரித்து, கால்களை மேலிருந்து நுனிப்பக்கமாக மென்மையாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும். ரப்பர் தூள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது, நல்ல துணியால் துடையுங்கள். ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) இருந்தால் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். காய்ந்த, மெல்லிய பெயிண்ட் பிரஷ் போதும்.

போடும்போது, ஸ்லாட் நடுவே இருக்கிற மேடும் ராமில் இருக்கிற வெட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா பாருங்கள். இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். இரண்டு பக்கமும் கிளிப் 'டக்' என்று தானாக ஏற வேண்டும். கிளிப்பை நீங்கள் கையால் மூடினால் அது உட்காரவில்லை என்று அர்த்தம்.

மணலி மாணவி (சனி, காலை 9:15)

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் லேப்டாப் நான்காம் தலைமுறை ஐ5. அதற்கு டிடிஆர்3 ராம் எது வாங்கினாலும் போடலாமா?

ராயபுரம் பெஞ்ச் (சனி, காலை 9:40)

வேண்டாம் அம்மா. அந்தத் தலைமுறை லேப்டாப்புகளுக்கு டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் ராம்தான் வாங்க வேண்டும். சாதாரண டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், போட்டால் பெரும்பாலும் டிஸ்ப்ளேயே வராது. தலைகீழாகச் செய்தால் சிக்கல் இல்லை, எல் போட்ட ராம் 1.5 வோல்ட்டிலும் ஓடும். லேப்டாப் ராம் 204 கால், டெஸ்க்டாப் டிடிஆர்3 ராம் 240 கால், அளவே வேறு. ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்க வேண்டும். 'எல்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (சனி, மதியம் 12:48)

அக்கா சொன்னபடியே செய்தேன். ரப்பர் கறுத்துப்போனது, என் பையன் ரப்பர் அது, புதியது வாங்கித்தர வேண்டும். ஸ்லாட்டிலிருந்து பிரஷ்ஷில் சாம்பல் நிறத்தில் தூசி வந்தது. ராமை அழுத்தியதும் இரண்டு பக்கமும் கிளிப் ஏறும் சத்தம் தெளிவாகக் கேட்டது. போன தடவை ஒரு பக்கத்துச் சத்தம்தான் கேட்ட ஞாபகம்.

ஆன் செய்தேன். ஒரே ஒரு குட்டி பீப், டிஸ்ப்ளே வந்துவிட்டது!

ஆனால் காத்துக்கொண்டிருக்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று போர்டில் இருக்கிற வட்ட பேட்டரியையும் கழற்றி மாட்டியிருந்தேன், யூடியூபில் பார்த்தது. இப்போது எஃப்1 அழுத்தச் சொல்கிறது, அழுத்தினால் விண்டோஸ் லோகோ வந்து, நீலத்திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டதா? அதில்தான் எல்லாருடைய ஸ்கேன் ஃபைல்களும் இருக்கின்றன.

பெரம்பூர் லோகோ (சனி, மதியம் 1:05)

ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விண்டோஸை மறுபடி போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஃபார்மேட் எதுவும் செய்ய வேண்டாம். பேட்டரியைக் கழற்றியதில் பயாஸில் இருந்த அமைப்பெல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டது. டெலிட் பட்டனை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். 'சாட்டா மோட்' என்று இருக்கும், ஹார்டு டிஸ்க்கோடு போர்டு எந்த முறையில் பேசுகிறது என்பதுதான் அது. அது இப்போது ஐடிஇ என்று இருக்கும், உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ-யில் போட்டதாக இருக்கும். ஏஎச்சிஐ என்று மாற்றி எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

அப்படியே தேதியையும் நேரத்தையும் சரி செய்துவிடுங்கள். தேதி பத்து வருடம் பின்னால் இருந்தால் அரசு இணையதளம் எதுவும் திறக்காது, பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று சொல்லும். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து நிற்கும்போது அது வேறு குழப்பமாகிவிடும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் லோகோ ஒர்க்ஸில் எப்போதும் சொல்வார், ஒரு நேரத்தில் ஒரு நட்டு மட்டும் கழற்று என்று. நீங்கள் ராமைச் சுத்தம் செய்ததும் ஆன் செய்து பார்த்திருந்தால் பேட்டரியைத் தொடவே தேவை இருந்திருக்காது. குறையாகச் சொல்லவில்லை, இனிமேலுக்காகச் சொல்கிறேன்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (சனி, மதியம் 1:31)

ஐயா, ஏஎச்சிஐ மாற்றியதும் விண்டோஸ் திறந்துவிட்டது. ஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நட்டு விஷயம் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது புது ராமைச் சுத்தம் செய்து, அதை மட்டும் போட்டுப் பார்த்தேன். நீள பீப். இரண்டு ஸ்லாட்டிலும் அதேதான். ஸ்டிக்கரில் இருப்பது: 8ஜிபி 1ஆர்எக்ஸ்4 பிசி3எல்-12800ஆர்.

ராயபுரம் பெஞ்ச் (சனி, மதியம் 2:10)

கிடைத்துவிட்டது தம்பி. கடைசியில் இருக்கிற 'ஆர்' என்ற ஒரே எழுத்துதான் காரணம். இது சர்வர் ராம். ரெஜிஸ்டர்டு ராம் என்று சொல்வார்கள். உங்கள் போர்டில் எந்தக் காலத்திலும் ஓடாது.

ராமைக் கையில் எடுத்து ஒரு பக்கத்தில் எத்தனை கருப்புச் சில்லு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருக்கும். நடுவில் அவற்றைவிட வித்தியாசமான அளவில் தனியாக இன்னொரு சில்லு இருக்கும். அதுதான் ரெஜிஸ்டர். சர்வரில் ஒரே பிராசஸருக்கு நிறைய ராம் மாட்டுவார்கள், அத்தனைக்கும் நேரடியாகக் கட்டளை அனுப்பினால் சிக்னல் தாங்காது. அதனால் கட்டளையையும் முகவரியையும் இந்த நடுச்சில்லு வாங்கி மற்ற சில்லுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். உங்கள் ஐ3-க்கும் ஹெச்61-க்கும் அந்த நடுவாளோடு பேசத் தெரியாது.

'எக்ஸ்4' என்றால் ஒவ்வொரு சில்லும் 4 பிட் கொடுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 18 சில்லு, 18 நான்கு 72. அதில் 64 பிட் தரவு, மீதி 8 பிட் பிழை திருத்துவதற்கு. சாதாரண 8 ஜிபி ராமில் பக்கத்துக்கு எட்டு எட்டாக 16 சில்லு, 2ஆர்எக்ஸ்8 என்று போட்டிருக்கும், அதாவது 8 பிட் சில்லுகள் எட்டு எட்டாக இரண்டு அணி. வேடிக்கை பார்க்காமல் எண்ணினாலே பாதி தெரிந்துவிடும்.

டிடிஆர்3-இல் இரண்டுக்கும் அதே 240 கால், வெட்டும் அதே இடத்தில்தான். அதனால் ஸ்லாட்டில் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஓடாது. டிடிஆர்4-இலும் இதே ஆபத்து உண்டு. டிடிஆர்5-இல்தான் வெட்டின் இடத்தை மாற்றிவிட்டார்கள். கம்பெனிகள் சர்வர்களைக் கழிக்கும்போது இந்த ராம்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகின்றன, விலை குறைவாக இருப்பது அதனால்தான்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பிசி3-12800யு. கடைசி எழுத்து 'யு'. எல் இருந்தாலும் பரவாயில்லை. 12800 என்பது 1600 வேகம், உங்கள் மூன்றாம் தலைமுறை பிராசஸருக்கு அது சரி. ஹெச்61 போர்டு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வீதம் 16 ஜிபி வரைக்கும் எடுக்கும்.

வியாசை கேமர் (சனி, மதியம் 2:25)

அக்கா, நான் இவ்வளவு நாள் ஜிபியும் வேகமும் மட்டும்தான் பார்த்து வாங்கியிருக்கிறேன். இப்போதே என் ராம் ஸ்டிக்கரைப் போய்ப் பார்க்கிறேன்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (சனி, மதியம் 2:33)

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. நடுவில் தனியாக ஒன்று. அப்படியே இருக்கிறது.

இப்போதே கிளம்புகிறேன். இங்கே ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். கடைக்காரர் மாற்றித் தருவாரா என்றுதான் தெரியவில்லை.

ராயபுரம் பெஞ்ச் (சனி, மதியம் 2:36)

சண்டை போட வேண்டாம். அவர்களுக்கும் கலந்து வரும் சரக்கு. 'ஆர்' எழுத்தைக் காட்டி, டெஸ்க்டாப்புக்கு என்று கேட்டுத்தான் வாங்கினேன் என்று சொல்லுங்கள். புதியதை அங்கேயே ஒரு போர்டில் போட்டு டிஸ்ப்ளே காட்டச் சொல்லி வாங்குங்கள். பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (சனி, இரவு 9:44)

மாற்றித் தந்துவிட்டார்கள். முதலில் முடியாது என்றார், ஸ்டிக்கரைக் காட்டியதும் உள்ளே இருந்த பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு 150 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு யு எழுத்து போட்ட ராம் தந்தார். அங்கேயே போட்டும் காட்டினார்.

கடையில் வந்து முதலில் புதியதை மட்டும் போட்டேன், வந்தது. அணைத்து, கார்டைப் பிடுங்கி, பழையதையும் சேர்த்துப் போட்டேன், வந்தது. விண்டோஸில் 12 ஜிபி காட்டுகிறது. 8-உம் 4-உம் சேர்த்துப் போட்டால் தப்பா?

ராயபுரம் பெஞ்ச் (சனி, இரவு 10:03)

தப்பில்லை. இரண்டிலும் 4 ஜிபி வரைக்கும் ஜோடியாக, டூயல் சேனலில் ஓடும். மிச்சம் இருக்கிற 4 ஜிபி தனியாக ஓடும். உங்கள் வேலைக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பழைய ராம் என்பதால் இன்று இரவு ஒரு சோதனை செய்துவிடுங்கள். மெம்டெஸ்ட்86+ இலவசம், பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்தால் விண்டோஸ் இல்லாமலே ஓடும். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் அந்த ராம் வேண்டாம். பாதி விண்ணப்பத்தில் சிஸ்டம் தொங்கினால் பணம் கட்டிய பிள்ளைக்குத்தான் மன உளைச்சல்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (ஞாயிறு, காலை 6:50)

இரவு முழுக்க ஓடவிட்டேன். நாலு சுற்று முடிந்திருக்கிறது, பிழை பூஜ்யம். ஆனால் காலையில் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டதும் தேதி மறுபடி பழசாகிவிட்டது.

பெரம்பூர் லோகோ (ஞாயிறு, காலை 7:12)

அந்த வட்ட பேட்டரி ஓய்ந்துவிட்டது தம்பி. சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே வர வேண்டும். மாற்றியதும் மறுபடி பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ இருக்கிறதா என்று பாருங்கள், தேதியையும் போடுங்கள்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் (திங்கள், இரவு 8:20)

பேட்டரி மாற்றிவிட்டேன் ஐயா. இன்று மதியம் அரை மணி நேரம் கரண்ட் போய் வந்தது, தேதியும் மணியும் சரியாகவே காட்டியது. எட்டுப் பேரில் ஏழு பேருக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. ஒரு பெண்ணுக்கு மட்டும் சாதிச் சான்றிதழ் ஸ்கேன் தெளிவாக இல்லை, நாளைக் காலை அசலை எடுத்துக்கொண்டு வருகிறாள்.